படிக்காத பக்கத்துக்கு ஒரு சான்றிதழ்

பெருநூல் காப்பகத்தின் வாசலில் அரையிஞ்சு மாஸ்டரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட பொருட்கள் மொத்தம் ஒன்பது. கத்தரிக்கோல் ஒன்று, அளவு நாடா ஒன்று, சாக்கட்டி இரண்டு, பொத்தான் நான்கு. ஒன்பதாவது, அவருடைய சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசி. அது அங்கே இருப்பது அவருக்கே தெரியாது. வாசல் காவலர் அதை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது, தான் ஏதோ திட்டத்தோடுதான் வந்திருக்கிறோமோ என்று மாஸ்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எதுக்கு வந்தீங்க?" என்றார் காவலர்.

"புத்தகத்துல ஒரு பக்கம் படிக்கணுங்க."

காவலரின் முகம் மாறியது. "பார்க்கணும்னு சொல்லுங்க. பார்க்கறதுக்கு அதோ அந்த வரிசை."

"இல்லைங்க, படிக்கணும்."

காவலர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். இருபது வருட சர்வீஸ். "படிக்கறதுக்கு வரிசையே கிடையாதே," என்றார் பாவமாக.

மாஸ்டர் தையல்காரர். யாருக்கு எதைத் தைத்தாலும் உள்மடிப்பில் அரை அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பார். "உடம்பு இப்படியேவா இருக்கும்? நாளைக்கு ஒரு சுத்துப் பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம்ல," என்பார். அதனால் ஊரில் அவருக்கு அரையிஞ்சு மாஸ்டர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்குக்கூட அடையாளம் தெரியாது. அப்படிப்பட்ட மனிதருக்கு முன்னூறு வருடப் பழைய அறிவியல் புத்தகத்தோடு என்ன சோலி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அவருடைய பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறி, அறிவியலில் மட்டும் தோற்றுவிட்டாள். தேற வேண்டியது முப்பத்தைந்து. அவள் வாங்கியது முப்பத்துமூன்று. போன அந்த இரண்டு மார்க்குக்கான கேள்வி இது: தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால், தண்ணீர் ஏன் குவளைக்குள் ஏறுகிறது? பாடநூலில் விடை இருக்கிறது. மெழுகுவர்த்தி காற்றில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது, அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் ஏறுகிறது, "இதனை மாமேதை தம் பெருநூலின் முதற்பதிப்பு, 111-ஆம் பக்கத்தில் ஐயமற நிறுவியுள்ளார்." நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் எழுதினார்கள். மாஸ்டரின் பெண் மட்டும், "நான் செய்து பார்த்தேன். எரியும்போது ஏறவில்லை. அணைந்து ஆறிய பிறகுதான் ஏறியது. மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் இன்னும் மேலே ஏறியது. சூடான காற்று ஆறிச் சுருங்குவதுதான் காரணம்," என்று எழுதி வைத்தாள். விடைத்தாள் திருத்தியவர் சைபர் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: "செய்து பார்க்கச் சொல்லவில்லை."

மாஸ்டர் மேல்முறையீடு செய்தார். தேர்வு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மூலநூலின் அந்தப் பக்கத்துக்கு முத்திரையிட்ட சான்று ஏழு நாட்களுக்குள் கொண்டுவந்தால் பரிசீலிக்கப்படும். பின்னால் வந்த பதிப்புகள் செல்லாது. இணையத்தில் கிடைப்பது செல்லவே செல்லாது. பின்னால் வந்த பதிப்பைப் பெண் போனில் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டாள். அதில் 111-ஆம் பக்கத்தில் தவளையின் நுரையீரல் படம் இருந்தது. முதற்பதிப்பு நாட்டில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் இந்தக் காப்பகத்தில்.

"அதுலயும் பாடநூல்ல இருக்கற மாதிரியே இருந்துச்சுன்னா என்ன பண்றது?" என்று வீட்டில் கேட்டார் மாஸ்டர்.

"அவரும் செஞ்சு பார்த்துட்டுத்தானேப்பா எழுதியிருப்பாரு?" என்றாள் பெண். "செஞ்சு பார்த்திருந்தா அவருக்கும் அப்படித்தானே ஏறியிருக்கும். தண்ணிக்கு அவர் பெரிய ஆளுன்னு தெரியுமா?"

மாஸ்டர் கடையைப் பூட்டிவிட்டுக் காப்பகம் இருக்கும் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

காப்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு புத்தகத்துக்கு நான்கு மாடி. அறுபத்து நான்கு ஊழியர்கள். வெப்பப் பிரிவு, ஈரப் பிரிவு, தூசிப் பிரிவு, தூசிப் பிரிவைத் தணிக்கை செய்யும் பிரிவு. தரைத்தளத்துக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடிய புத்தகம் இருக்கும். பார்வையாளர்கள் தலைக்கு ஏழு விநாடி நின்று அட்டையைப் பார்த்துவிட்டு நகர வேண்டும். ஆண்டுதோறும் நூல் தினம் கொண்டாடுவார்கள். அன்றைக்குப் புத்தக வடிவத்தில் கேக் செய்து, இயக்குநர் வெள்ளிக் கத்தியால் வெட்ட, எல்லோரும் ஆளுக்கு ஓர் அத்தியாயம் சாப்பிடுவார்கள்.

விசாரணை மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இருந்தார். மாஸ்டர் சொன்னதைக் கேட்டதும் அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து அலமாரியில் தேடினார், இழுப்பறையில் தேடினார், கடைசியில் குனிந்து மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த காகிதக் கட்டை உருவினார். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"படிப்புக் கோரிக்கைப் படிவம்," என்றார். "நான் வந்த நாள்ல இருந்து மேசை ஆடாம இருந்ததுக்கு இதுதான் காரணம். நிரப்புங்க."

பன்னிரண்டு பக்கம். உயரம், எடை, வியர்வை மிகுதியா நடுத்தரமா, கடைசியாகத் தும்மிய தேதி என்ன என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். 'படிக்க விரும்புவதன் நோக்கம்' என்ற இடத்தில் மாஸ்டர் 'பொண்ணு' என்று எழுதினார். ஒன்பதாம் பக்கம் வரை சமாளித்துவிட்டார். பத்தாம் பக்கத்தில் சிக்கினார். இந்நூலை ஏற்கெனவே முழுமையாகப் படித்த இருவரின் பரிந்துரை வேண்டுமாம்.

"இரண்டாவது மாடியில நூலறிஞர் இருக்காரு," என்றார் விசாரணை மேடம். "இந்தப் புத்தகத்தைப் பத்தியே தொள்ளாயிரம் பக்கத்துக்கு ஆராய்ச்சி எழுதினவரு. போய்க் கேட்டுப் பாருங்க."

நூலறிஞர் மெலிந்த, மிக மரியாதையான மனிதர். மாஸ்டரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"ஐயா இந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கீங்க. ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா..."

"நாப்பது வருஷமா இந்த நூலோடதான் வாழ்றேன் தம்பி," என்றார் அறிஞர். "அட்டையில இருக்கற தோல் எதோடதுன்னு நினைக்கறீங்க? கன்னுக்குட்டின்னுதான் உலகமே நம்பிட்டு இருந்துச்சு. ஆடு! வெள்ளாடு! கண்டுபிடிச்சது நான். அதுக்கப்புறம் தையல் நூல். அதுக்குப் பதினொரு வருஷம். அதுக்கப்புறம் பின்னட்டையில ஒரு பூச்சி ஓட்டை. அந்தப் பூச்சி இடமிருந்து வலமா போச்சா, வலமிருந்து இடமா போச்சாங்கிறதுல இன்னைக்கும் எனக்கு எதிரிங்க இருக்காங்க."

"அடேயப்பா," என்றார் மாஸ்டர். மனதாரத்தான் சொன்னார். தையல் நூலுக்குப் பதினொரு வருடம் கொடுத்த மனிதரை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார். "அப்போ உள்ளே, நூத்திப் பதினொண்ணாம் பக்கத்துல..."

"உள்ளேங்கிறது வேற துறை."

"அது எந்த மாடிங்க?"

"அது இன்னும் ஆரம்பிக்கலை," என்றார் அறிஞர்.

மாஸ்டர் கீழே வந்து சாய்ந்த மேசையின் முன் நின்றார். விசாரணை மேடம் விதிப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு வரியாக விரலால் தடவிக்கொண்டே போனார். அவருக்கும் லேசாக ஆர்வம் தொற்றிவிட்டது. "இதோ இருக்கு. ஏற்கெனவே படித்தவர்கள் கிடைக்காத பட்சத்தில், மனுதாரர் மூன்று நாள் பயிற்சிக்கு உட்படுத்தப்படுவார். சம்மதமா?"

"ஏழு நாள்ல ஒண்ணு போச்சு மேடம்."

"அப்போ நாளைக்கே ஆரம்பிச்சுடுங்க."

மறுநாள் காலை மாஸ்டரை எடை போட்டார்கள். வெளியே போகும்போதும் எடை போடுவார்களாம். உள்ளே வந்ததைவிட அதிகமாக ஒருவர் வெளியே போகக்கூடாது. பிறகு சுவாசப் பயிற்றுநரிடம் ஒப்படைத்தார்கள். அவர் கட்டுமஸ்தான ஆள், கழுத்தில் விசில்.

"மூச்சை உள்ளே இழுங்க. நிறுத்துங்க. இப்போ தலையை இடது பக்கம் திருப்பி, உதட்டைக் குவிச்சு, மெல்ல, நூல் பிடிச்ச மாதிரி விடுங்க. நேரா புத்தகத்தைப் பார்த்து மட்டும் விட்டுடாதீங்க. ஆகவே ஆகாது."

"இது காத்தைப் பத்தின புத்தகம்னு சொன்னாங்களே?"

"காத்தைப் பத்தினதுதான். ஆனா அதுக்குக் காத்து ஒத்துக்காது," என்றார் பயிற்றுநர்.

இரண்டாம் நாள் முழுக்க மூச்சு. மூன்றாம் நாள், மூச்சோடு நடை. நான்காம் நாள், பழைய தொலைபேசி விவரப் புத்தகத்தைக் கொடுத்துத் தந்தத் தகட்டால் பக்கம் புரட்டச் சொன்னார்கள். மாஸ்டரின் விரல்கள் வழுக்குத்துணியைச் சுருக்கம் விழாமல் மெஷினுக்குள் தள்ளிப் பழகியவை. அவர் புரட்டிய அழகைப் பார்த்துப் பயிற்றுநர் விசில் ஊத மறந்துபோனார்.

அன்று மாலை தெருவுக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"என்னங்க, பக்கம் கிடைச்சுதா?" என்றாள் மனைவி.

"இன்னும் இல்ல. இப்பத்தான் மூச்சு விடக் கத்துக்கிட்டேன்."

"நாப்பத்தாறு வயசுல என்னத்த புதுசா மூச்சு விடறீங்க? கடையில மூணு கல்யாணத் துணி கிடக்கு. வர்றவங்க போறவங்களுக்கு எல்லாம் நான் பதில் சொல்லிட்டு இருக்கேன்."

"பாப்பா என்ன பண்றா?"

"என்ன பண்ணுவா? சமையலறையில தட்டையும் டம்ளரையும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் நிஜமாவே பார்த்தேனாம்மா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுச்சான்னு கேக்கறா. காலையில இருந்து எட்டு தடவை கேட்டுட்டா."

மாஸ்டர் போனை வைத்துவிட்டுத் தெருவிலேயே நின்றார். தோற்றால்கூடப் பரவாயில்லை, அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். தன் கண்ணால் பார்த்ததையே பெண் நம்பாமல் போய்விட்டால் அதற்கு எந்த அலுவலகத்தில் போய் மேல்முறையீடு செய்வது?

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குப் பெருநூல் வந்தது. ரப்பர் சக்கர வண்டியில் வந்தது. முன்னால் ஒருவர் "ஷ்ஷ்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அவரைத் தவிர வேறு சத்தமே இல்லை. படிப்பறை என்று ஓர் அறை உண்மையிலேயே இருந்தது. நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை அன்றைக்குத்தான் பிரித்தார்கள். புத்தகத்தைப் பட்டுத் திண்டில் படுக்க வைத்தார்கள். திண்டின் ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. மாஸ்டரின் கை தானாகக் காலருக்குப் போய், ஊசி இல்லாமல் திரும்பி வந்தது.

இயக்குநர், நூலறிஞர், பயிற்றுநர், விசாரணை மேடம், பிரிவுக்கு ஒருவர் என்று சுவரோரம் இருபது பேர் நின்றார்கள். எல்லோரும் இடது பக்கமாக மூச்சு விட்டதால் வலது பக்கத்து ஆளுக்குப் பரவாயில்லை, இடது பக்கத்து ஆள்தான் பாவம்.

வெள்ளைக் கையுறை போட்ட அலுவலர் நேராக அந்த இடத்தைத் திறந்தார். இடது பக்கம் 108. வலது பக்கம் 109. மாஸ்டர் தந்தத் தகட்டை நுழைத்து மெல்லப் புரட்டினார்.

112.

திருப்பிப் பார்த்தார். 109. மறுபடி புரட்டினார். 112. நடுவில் இரண்டு பக்கத்தைக் காணோம். "யாரோ கிழிச்சுட்டாங்க சார்!" என்று மாஸ்டர் கத்திவிட்டார்.

இருபது பேரும் பதறிப்போய் நேராக மூச்சு விட்டார்கள். ஆனால் மாஸ்டரின் விரல்கள் அதற்குள் அந்தத் தாளைத் தொட்டுவிட்டன. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து லேசாக உருட்டிப் பார்த்தார். கனம் சரியில்லை. இரட்டைத் துணி. ஓரம் வெட்டாத மடிப்பு.

"இது ஒரு தாள் இல்லைங்க, ரெண்டு," என்றார். "ஓரத்துல ஒட்டிக்கிட்டே இருக்கு. மேலேயும் வெட்டலை." மற்ற இடங்களைப் பார்த்தார். எல்லாம் அப்படியே. புத்தகம் முழுக்க, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, மடித்தது மடித்தபடி.

இயக்குநர் முன்னால் வந்தார். நூல் தினத்தன்று பேசுகிற குரல் வந்துவிட்டது. "நல்லாக் கவனிச்சீங்க. அந்தக் காலத்துல பெரிய தாள்ல அச்சடிச்சு, மடிச்சு, அப்படியே தைச்சுடுவாங்க. வாங்கறவர்தான் ஒரு கத்தியை வெச்சு ஓரத்தை வெட்டி வெட்டிப் படிக்கணும். உலகத்துல இந்தப் பதிப்புல பதினேழு பிரதி இருக்கு. பதினாறையும் எவனோ வெட்டிட்டான். வெட்டாதது இது ஒண்ணுதான்."

"அப்போ இதை இதுவரைக்கும் யாருமே..."

"யாருமே!" இயக்குநரின் கண் கலங்கியது. "முன்னூறு வருஷம். எத்தனை இயக்குநர்கள், எத்தனை அறிஞர்கள்! கையில எடுத்தாங்க, கட்டிப் பிடிச்சாங்க, இதுக்காக உயிரையே கொடுத்தாங்க. ஒருத்தர்கூடப் படிச்சதில்லை. அந்தக் கட்டுப்பாடு வேற எந்த நாட்டுல இருக்கு சொல்லுங்க? இந்த நாட்டு அறிவியலே இந்த நூல் மேலதான் நிக்குது!"

சுவரோரம் சிலர் கைதட்டப் பார்த்து, தூசி எழும் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

"படிக்கத்தானே சார் அச்சடிச்சாரு அவரு?" என்றார் மாஸ்டர்.

"படிக்கறதுக்கு வேற புத்தகம் எவ்வளவோ இருக்கு," என்றார் இயக்குநர் அன்பாக.

"ஒரே ஒரு மடிப்பு சார். என் கத்தரிக்கோல் வாசல்லதான் இருக்கு. கண் மூடித் திறக்கறதுக்குள்ள..."

அறை முழுக்க ஒரு முனகல். பூச்சியின் திசைக்காக நாற்பது வருடம் போராடிய நூலறிஞர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். இயக்குநர் கையை உயர்த்தினார். "வெட்டினா இது படிக்கப்படாத பிரதிங்கிற பேரே போயிடும். அப்புறம் இதுவும் சாதாரணமா ஒரு மாமேதை எழுதின புத்தகம்தான். இன்னைக்கு இவ்வளவுதான். வண்டியைக் கொண்டு வாங்க."

இன்னும் இரண்டு நாள்தான். பெண்ணுக்காகத் தேடி வந்த வரிகள் ஒரு தாள் தூரத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. எதிரே இருபது பேர், ஒருவரும் கெட்டவர் இல்லை, எல்லோரும் கையுறை போட்டிருக்கிறார்கள். யார் மேல் கோபப்படுவது?

அப்போது அவர் கண் புத்தகத்தின் அடிப்பக்கம் போனது. மேல் ஓரம் மடிப்பு. பக்கவாட்டு ஓரம் மடிப்பு. அடி ஓரம் திறந்திருந்தது, தலையணை உறை மாதிரி. இத்தனை வருடத் தையலில் எத்தனை உடுப்பின் உள்தையலைப் பிரிக்காமலே எட்டிப் பார்த்திருக்கிறார்!

"மேடம்," என்றார் விசாரணை மேடத்திடம், "எட்டிப் பார்க்கக்கூடாதுன்னு விதியில இருக்கா?"

விசாரணை மேடம் கையோடு கொண்டுவந்திருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விரல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போயிற்று. "வெட்டவோ, கிழிக்கவோ, பிரிக்கவோ, நனைக்கவோ, முகரவோ கூடாது," என்று வாசித்தார். "எட்டிப் பார்க்கறதைப் பத்தி ஒண்ணுமில்லை." சொல்லிவிட்டுக் குறிப்பேட்டையும் பென்சிலையும் கையில் எடுத்துக்கொண்டார்.

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். திண்டின் விளிம்புக்குக் கண்ணைக் கொண்டுபோனார். தலையை இடது பக்கம் திருப்பி, உதட்டைக் குவித்து, மெல்ல, நூல் பிடித்த மாதிரி, மூன்று நாள் கற்ற மூச்சை விட்டார். பக்கவாட்டில் போன காற்று மடிப்புக்குள் நுழைந்தது. முன்னூறு வருடமாகப் படுத்திருந்த தாள் லேசாக உப்பிக்கொண்டது. உள்ளே மேசை விளக்கின் வெளிச்சம் விழுந்தது.

"என் பயிற்சி!" என்றார் சுவாசப் பயிற்றுநர். பெருமையா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

பழைய எழுத்து. மாஸ்டர் எழுத்துக் கூட்டித்தான் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது, மொத்தம் எட்டு மூச்சு.

"மெழுகுவர்த்தி எரியுங்கால் நீர் அசையாது நின்றது... சுடர் அவிந்து குவளை ஆறத் தொடங்கிய பின்னரே விரைந்து ஏறிற்று... மூன்று திரி ஏற்றியபோது இன்னும் உயர ஏறிற்று..." இந்த இடத்தில் அவர் நிறுத்தி, அதே வரியை இன்னொரு தடவை படித்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார் விசாரணை மேடம். "ஆகலின், சுடர் காற்றைத் தின்றதனால் நீர் ஏறிற்று என்பார் கூற்றுப் பொருந்தாது. அவர்கள் செய்து பார்த்திலர். படிப்போர் என் சொல்லையும் நம்பவேண்டா. ஒரு தட்டும் குவளையும் எடுத்து வைத்துத் தாமே பார்க்க."

மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார், அழுதார், இரண்டையும் இடது பக்கம் திரும்பியே செய்தார். "அப்படியே எழுதியிருக்கா சார் என் பொண்ணு! வரிக்கு வரி அப்படியே! மூணு மெழுகுவர்த்தி வரைக்கும்!"

ஆனால் இயக்குநரின் முகத்தில் ரத்தமே இல்லை. "நீங்க இப்போ என்ன பண்ணீங்க?"

"படிச்சேன் சார்."

சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை. பத்தே நிமிடத்தில் அவசரக் குழு கூடியது. மாஸ்டரை நடுவில் நிறுத்தினார்கள். அவர் படித்தது உண்மை என்றால், இது இனிமேல் படிக்கப்படாத பிரதி இல்லை. படிக்கப்படாத பிரதி இல்லையென்றால் நான்கு மாடி எதற்கு, தூசிப் பிரிவு எதற்கு, அதைத் தணிக்கை செய்யும் பிரிவு எதற்கு? தணிக்கைப் பிரிவுத் தலைவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒருவர், மாஸ்டரை மறுபடி எடை போட்டுப் பார்க்கலாம், படித்திருந்தால் கூடியிருக்கும் என்றார். போட்டார்கள். காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. கண்ணீராக இருக்கும் என்று குறித்துக்கொண்டார்கள்.

"சான்றிதழ் கொடுக்க வழியே இல்லை," என்றார் இயக்குநர். "111-ஆம் பக்கத்துல இப்படி இருக்குன்னு நாங்க எழுதினா, யாரோ படிச்சுட்டாங்கன்னு ஆயிடும். அதுக்கு நான் ஒத்துக்க முடியாது. நீங்க படிக்கலைன்னுதான் பதிவேட்டுல எழுதப் போறோம். மன்னிச்சுடுங்க."

மாஸ்டர் யோசித்தார். வாடிக்கையாளர் சட்டை இறுக்கமாகவும் இருக்க வேண்டும், மூச்சு விடவும் வேண்டும் என்று கேட்டால் எப்படிச் சமாளிப்பாரோ அப்படி யோசித்தார்.

"சரி சார். நான் படிக்கலைன்னே எழுதிக் கொடுங்க," என்றார். "ஆனா என்ன படிக்கலைங்கறதை மட்டும் தெளிவா எழுதிடுங்க."

இயக்குநர் நூலறிஞரைப் பார்த்தார். நூலறிஞர் கண்ணை மூடித் திறந்தார். "துல்லியமான யோசனை," என்றார். "என்ன படிக்கப்படலைன்னு நாம இதுவரைக்கும் சரியா வரையறுக்கவே இல்லை."

இயக்குநர் கையெழுத்திட்டு, பெரிய முத்திரை குத்தி, அன்று மாலையே கொடுத்த சான்றிதழில் இப்படி இருந்தது: "மேற்படி மனுதாரர் இந்நூலின் 111-ஆம் பக்கத்தை எட்டு முறை படிக்கவில்லை எனவும், அவ்வாறு அவரால் படிக்கப்படாதபோது அப்பக்கத்தில் கீழ்க்கண்ட வரிகள் இருந்தன எனவும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது." கீழே விசாரணை மேடம் எழுதிவைத்த எல்லா வரிகளும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தன.

ஏழாம் நாள் தேர்வு அலுவலகத்தில் ஓர் அதிகாரி சான்றிதழை வாங்கி, முத்திரை வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார், காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். இரண்டு மார்க் போட்டுக் கையெழுத்திட்டார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்க்கலையா சார்?" என்று மாஸ்டர் வாயைக் கொடுத்துவிட்டார்.

"அதான் முத்திரை இருக்கே," என்றார் அதிகாரி.

பெண் தேறினாள். பாடநூலிலும் ஒரு திருத்தம் வந்தது. 'ஐயமற நிறுவியுள்ளார்' என்பதை 'ஐயமற நிறுவியிருக்கக்கூடும்' என்று மாற்றினார்கள்.

இரண்டு மாதம் கழித்து மாஸ்டர் கடைக்குக் காப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி ஒருவரும் அடிப்பக்கமாக எட்டிப் பார்க்காதபடி பெருநூலுக்கு நான்கு பக்கமும் மூடிய பட்டு உறை தைக்க வேண்டும். பொறுப்பான தையல்காரர் வேண்டும். நூலைக் கையாளும் பயிற்சி பெற்ற தையல்காரர் நாட்டிலேயே ஒருவர்தான் இருக்கிறார்.

மாஸ்டர் போனார். பெண்ணையும் அழைத்துப் போனார். வாசலில் இந்தத் தடவை ஊசியைப் பறிக்கவில்லை. மரியாதையோடு உள்ளே விட்டார்கள்.

"எப்போ முடியும்?" என்றார் இயக்குநர்.

மாஸ்டர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, புத்தகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, உச்சுக்கொட்டினார். எந்தத் தையல்காரரும் எந்த வாடிக்கையாளரிடமும் செய்வதுதான். "ஒரே தடவையில வராது சார். பழைய உடம்பு. மடிப்புக்கு மடிப்பு கனம் மாறுது. ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியா அளவு பார்க்கணும். ஒரு இருபது ட்ரையல் ஆகும்."

"நல்லா நிதானமா பண்ணுங்க," என்றார் இயக்குநர். "உள்ளே மட்டும் யாரும் படிச்சுடக்கூடாது."

"படிக்க மாட்டோம் சார்."

வாரம் ஒரு நாள் வந்தார்கள். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து, இடது பக்கம் திரும்பி, மெல்ல ஊதுவார். மடிப்பு உப்பும். பெண் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு அளவு நோட்டில் எழுதிக்கொள்வாள். முதல் நாள் ஒன்றிலிருந்து பதினாறாம் பக்கம் வரை அளவெடுத்தார்கள். சில அளவுகள் நீளமாக இருந்ததால் பெண் இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டியிருந்தது. சில அளவுகளைப் பார்த்து "அப்பா, இது தப்புப்பா, இவரு இதைச் சரியா செய்யலை. வீட்டுக்குப் போய் நாம செஞ்சு பார்க்கணும்," என்று முணுமுணுத்தாள். நான்காவது ட்ரையலிலிருந்து விசாரணை மேடமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, துணிக்கு ஒரு கை கொடுக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டார். ஆறாவதிலிருந்து நூலறிஞர் கதவுக்கு வெளியே நின்றார். எட்டாவதில் உள்ளே வந்துவிட்டார். தையல் நூலைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார்.

இருபதாவது வாரம் உறை தயாரானது. கருநீலப் பட்டு, சுருக்கமே இல்லை. இயக்குநர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அடிப்பக்கம் கை போனதும் நின்றார்.

"மாஸ்டர், இங்கே கொஞ்சம் திறந்திருக்கே?"

"அரை இஞ்சு விட்டிருக்கேன் சார்," என்றார் மாஸ்டர். "பின்னால யாருக்காவது வேணும்ல."